வாய்க்குத் திரும்பிய மெட்டுகள்

ஊர்ப்பாட்டின் கதை – பகுதி 9

1903 டிசம்பர் தொடக்கத்தில், லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸில், இன்கிரேவ் என்ற சிற்றூரின் பாதிரியார் வீட்டில் ஊர்ப் பெரியவர்களுக்குத் தேநீர் விருந்து நடந்தது. பக்கத்து பிரென்ட்வுட் நகரில் இசை பற்றிச் சொற்பொழிவு ஆற்றிவந்த முப்பத்தொரு வயது இசையமைப்பாளர் ஒருவரையும் பாதிரியாரின் மகள்கள் அழைத்திருந்தார்கள். பழைய பாட்டுத் தெரிந்தவர் யாராவது பாடுவார் என்ற எண்ணம். சார்ல்ஸ் பொட்டிஃபர் என்ற எழுபது கடந்த தொழிலாளிக்குப் பாட்டுத் தெரியும். ஆனால் அந்தக் கூடத்தில், அந்தக் கோப்பை தட்டுகளுக்கு நடுவே, அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 4ஆம் தேதி தம் வீட்டில் அவர் ‘புஷஸ் அண்ட் பிரையர்ஸ்’ என்ற காதல் பாட்டைப் பாட, ரேஃப் வான் வில்லியம்ஸ் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். (எழுத்துப்படி அவர் ரால்ஃப். ரேஃப் என்றே சொல்ல வேண்டும் என்பதில் மனிதர் பிடிவாதக்காரர்; நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.) சென்ற பகுதியில் கண்ட செசில் ஷார்ப், சமர்செட்டில் தோட்டக்காரர் ஜான் இங்கிலாந்தின் பாட்டைக் காதில் வாங்கி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் வான் வில்லியம்ஸ் சேகரித்த பாட்டுகள் எண்ணூறைத் தாண்டின.

அந்த டிசம்பர் நாளுக்குப் பிறகு நடந்ததை ஆங்கில இசை வரலாறு ஒரே மாதிரியாகத்தான் சொல்லிவந்திருக்கிறது. ஜெர்மானிய இசையின் நிழலில் தடுமாறிக்கொண்டிருந்த இளைஞருக்கு நாட்டார் மெட்டு சொந்தக் குரலைக் கொடுத்தது; அந்தக் குரலில் அவர் ராப்சடிகளும் சிம்பொனிகளும் எழுதினார்; இங்கிலாந்துக்கு ஒரு பெரிய இசையமைப்பாளர் கிடைத்தார். இதில் பொய் இல்லை. ஆனால் இது இசையமைப்பாளருக்குக் கிடைத்த லாபத்தின் கணக்கு. பாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கணக்கைத் திருப்பிப் போட்டால் வரிசை மாறிவிடுகிறது. பெரிய படைப்புகள் பின்னுக்குப் போகின்றன. வாத்தியமே இல்லாமல் நாலைந்து குரல்களுக்காக அவர் எழுதிய, மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துபோகிற சேர்ந்திசை அமைப்புகள் முன்னுக்கு வருகின்றன. காரணம் எளிது. பாட்டு என்பது பாடப்படுவது. கேட்க மட்டுமே கிடைக்கும் மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பாட்டாக அதன் ஆயுள் முடிந்துவிட்டது. வான் வில்லியம்ஸின் கையில் விழுந்த மெட்டுகளில் எவை மறுபடியும் சாதாரண மனிதர்களின் வாய்க்கு, சொல்லோடு, திரும்பின என்பதே இந்தப் பகுதியில் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் திரும்பாத ஒன்றைப் பார்ப்போம். 1905 ஜனவரியில் அவர் நார்ஃபோக் கரையிலுள்ள கிங்ஸ் லின் துறைமுகத்துக்குப் போனார். ஊரின் வடகோடியில் மீனவர் குடியிருப்பு. அங்கே ஜேம்ஸ் கார்ட்டர் என்ற மீனவர் பாடியது ‘தி கேப்டன்ஸ் அப்ரென்டிஸ்’. அனாதை இல்லம் போன்ற ஏழை விடுதியிலிருந்து கப்பல் வேலைக்குப் பிடித்து அனுப்பப்பட்ட சிறுவன். சிறு தவறுக்காக அவனைக் கட்டிவைத்து அடித்தே கொன்ற கப்பல் தலைவன். அந்தத் தலைவனே தூக்குமேடைக்கு முன் நின்று சொல்வதாகப் பாட்டு. மீன்பிடி ஊரில் அது வெறும் கதை இல்லை. ஏழை விடுதிகளிலிருந்து சிறுவர்களைப் படகு வேலைக்கு ஒப்படைக்கும் வழக்கம் உண்மையாகவே இருந்தது. அடுத்த ஆண்டு அரங்கேறிய முதலாம் நார்ஃபோக் ராப்சடியில் இந்த மெட்டு வருகிறது. இன்று நாம் கேட்கும் வடிவில், மூடுபனி போன்ற மெல்லிய வாத்திய ஒலிக்கு மேலே ஒற்றை வயோலா அதை இசைக்கிறது. அப்படி ஓர் அழகு. கேட்பவர் மனத்தில் எழுவது நார்ஃபோக்கின் சதுப்பு நிலமும் சாம்பல் நிற வானமும். செத்த சிறுவன் அங்கே இல்லை. கொலையைப் பாடிய மெட்டு நிலக்காட்சியாகிவிட்டது. இசையாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டாக இதில் மிச்சம் ஒன்றுமில்லை.

இரண்டாவது வகைத் திருப்பம் கொஞ்சம் சிக்கலானது. 1904இல் பெர்சி டியர்மர் என்ற பாதிரியார் புதிய கீர்த்தனைப் புத்தகம் ஒன்றுக்கு இசைப் பதிப்பாசிரியராக இருக்கும்படி அவரைக் கேட்டார். இரண்டு மாத வேலை என்று தொடங்கியது இரண்டு ஆண்டு இழுத்து, 1906இல் ‘தி இங்கிலிஷ் ஹிம்னல்’ வெளிவந்தது. பாதிரியார் மகன்தான் என்றாலும் அந்தக் காலத்தில் கடவுள் நம்பிக்கையை விட்டிருந்த ஒருவர், திருச்சபை பாட வேண்டிய மெட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். விக்டோரியா காலத்துச் சர்க்கரைப் பாகு மெட்டுகள் அவருக்கு ஆகவில்லை. அவற்றின் இடத்தில் தாம் வயல்வெளிகளில் சேகரித்த மெட்டுகளை நுழைத்தார். சசெக்ஸில் ஹாரியட் வெரால் என்ற பெண் பாடியது, கப்பல் தலைவன் ஆட்களைப் போருக்கு அழைக்கும்போது பின்தங்கும் காதலியின் புலம்பல். அந்த மெட்டு ஜான் பன்யனின் யாத்திரீகப் பாட்டுக்குப் போயிற்று. சர்ரேயில் கார்மன் என்பவர் பாடியது உழவுச் சிறுவன் ஒருவனின் கனவு. உழவு மிருகங்களைச் சாட்டையால் வெளுத்து வாங்கும் அவன் முன்னால் சிறகு விரித்த தேவதூதன் தோன்றிக் கண்டிக்கிறான். அந்த மெட்டில்தான் இங்கிலாந்து முழுவதும் பெத்லகேமைப் பற்றிய கிறிஸ்துமஸ் பாட்டு இன்றுவரை பாடப்படுகிறது. அமெரிக்காவில் அதே பாட்டுக்கு வேறு மெட்டு. இங்கே மெட்டு வாய்க்குத் திரும்பியது, அதுவும் லட்சக்கணக்கான வாய்களுக்கு. சொல்தான் போய்விட்டது, சொல்லோடு பாடியவரின் பெயரும் போய்விட்டது. கீர்த்தனை மெட்டுகளுக்குப் பெயரிடுவது வழக்கம். வெராலின் மெட்டுக்கு ‘மங்க்ஸ் கேட்’, கார்மனின் மெட்டுக்கு ‘ஃபாரஸ்ட் கிரீன்’. இரண்டும் ஊர்ப் பெயர்கள். வரியை எழுதியவருக்கும் இசையை ஒழுங்கு செய்தவருக்கும் பக்கத்தின் மேலே இடம் கிடைத்தது. நினைவில் வைத்திருந்து கொடுத்தவர்கள் ஊருக்குள் கரைந்துபோனார்கள்.

சேர்ந்திசை அமைப்புகளில் மட்டும்தான் மெட்டும் சொல்லும் ஒன்றாக நின்றன. ‘புஷஸ் அண்ட் பிரையர்ஸ்’ பாட்டையே 1908இல் ஆண் குரல்களுக்காக அமைத்தார். ‘தி டர்ட்டில் டவ்’ இன்னும் தெளிவான சான்று. சசெக்ஸில் ரஸ்பர் என்ற ஊரின் மதுக்கடைக்காரர் பென்ஃபோல்டிடம் 1904இல் கேட்ட பிரிவுப் பாட்டு அது. முதலில் ஆண் குரல்களுக்கும், பிறகு 1920களில் நால்வகைக் குரல்களுக்கும் அமைத்தார். ஒற்றைப் பாரிட்டோன் குரல் மெட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க, மற்றவை அதற்கு அடியில் நிற்கின்றன. முந்துவதில்லை, மெட்டின் மேல் ஏறி விளையாடுவதுமில்லை. பென்ஃபோல்டின் மெட்டைத் தனியே உருவி எடுத்துக் கடையில் பாடலாம், ஒரு சுரமும் மாறாது. இந்த அடக்கம் இயல்பாக வந்துவிடவில்லை. ஐரோப்பியச் செவ்விசையில் மெட்டு என்றால் வளர்த்துச் செல்ல வேண்டிய விதை. விதையை விதையாகவே வைத்துவிட்டுச் சுற்றிலும் மண்ணை மட்டும் இளக்கிக் கொடுப்பதற்குக் கை அடங்க வேண்டும்.

மெட்டின் சுரங்களிலும் அதே அடக்கம். அன்றைய இசைப் பள்ளிகள் உலகை மேஜர், மைனர் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தன. கிராமத்தார் பாடியவற்றில் பல இந்த இரண்டிலும் அடங்கவில்லை. டோரியன், மிக்சோலிடியன் என்று பழைய தேவாலய இசையின் பெயரால் அழைக்கப்படும் சுர அடுக்குகளில் அவை இருந்தன. சுரங்களை மட்டும் பார்த்தால் முன்னது நம் கரகரப்பிரியா, பின்னது அரிகாம்போதி. கமகத்தையும் சஞ்சாரத்தையும் கேட்காதீர்கள், சுரவரிசை மட்டும்தான். முந்தைய தலைமுறைப் பதிப்பாளர்கள் இப்படிப்பட்ட மெட்டைக் கண்டால் பாடுபவர் சுருதி தவறிவிட்டார் என்று நினைத்துத் ‘திருத்தி’ அச்சிட்டார்கள். வான் வில்லியம்ஸ் திருத்தவில்லை. துணைக்குரல்களையும் அதே சுரவரிசைக்குள் நடக்கவைத்தார். எசெக்ஸ் தொழிலாளியின் காதை அவர் இசைக் கல்லூரியின் காதுக்குச் சமமாக வைத்தார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 1913இல் வந்த ‘ஃபைவ் இங்கிலிஷ் ஃபோக் சாங்ஸ்’ தொகுப்பில் கை சற்றுத் தாராளமாகிறது. மெட்டு ஒரு குரலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. கடைசிப் பாட்டு, கிறிஸ்துமஸ் காலத்தில் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போய் மது கேட்கும் ‘வாசெயில்’ பாட்டு. எருதின் கண்ணுக்கும் கொம்புக்கும் வாலுக்கும் ஒவ்வொன்றாக வாழ்த்துச் சொல்லும் பாட்டு அது. நகர அரங்கில் கறுப்புக் கோட்டு அணிந்த அறுபது பேர் எருதின் வாலை வாழ்த்தியே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. ராப்சடியில் சிறுவன் காணாமல் போனான், இங்கே எருது வால் வரைக்கும் முழுசாக இருக்கிறது.

இவற்றை யார் பாடினார்கள் என்பது என் வாதத்துக்கு முக்கியம். 1905இல் சர்ரேயில் லீத் ஹில் இசைப் போட்டி தொடங்கியது. வான் வில்லியம்ஸின் அக்காள் மார்கரெட்டும் ஈவாஞ்சலின் ஃபாரரும் ஏற்படுத்தியது. சுற்றுப்பட்டு ஊர்களின் பாடகர் குழுக்கள் பகலில் தனித்தனியாகப் போட்டியிடும். மாலையில் போட்டியை மறந்து எல்லாரும் ஒரே குழுவாகச் சேர்ந்து பாடுவார்கள். முதல் ஆண்டிலிருந்து 1953 வரை நடத்துனர் அவர்தான். உலகப் புகழ் வந்த பிறகும் ஆண்டுதோறும் டோர்க்கிங்கில் கிராமத்துக் குழுக்களின் முன்னால் கோலை எடுத்து நின்றார். நாற்பத்தெட்டு ஆண்டுக் காலம் தொழில்முறையற்ற குரல்களோடு மல்லுக்கட்டியவருக்கு, அந்தக் குரல்களால் எது முடியும் எது முடியாது என்பது கைரேகை மாதிரித் தெரிந்திருந்தது. டெனருக்கு ஆள் கிடைக்காது. ஆல்ட்டோவுக்குத் துணை வேண்டும். வாத்தியம் இல்லாவிட்டால் இரண்டாம் அடிக்குள் சுருதி இறங்கும். சில பென்னி விலையில் கிடைத்த அந்த அச்சுத் தாள்கள் இப்படிப்பட்ட வாய்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

மறுப்புகள் உண்டு, லேசானவையும் அல்ல. தனி ஒருவர் துணையின்றிப் பாடியதை நான்கு குரல்களாக்குவதே பொய் அல்லவா என்பது முதலாவது. ஷார்ப் கேட்ட பாட்டு அன்று மாலையே பியானோவோடு பாடப்பட்டதையும், அது முதல் தடவையாக விருந்து உடை போட்டுக்கொண்டது என்று கூடியிருந்த ஒருவர் சொன்னதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். சேர்ந்திசையும் அப்படியொரு கோட்டுதானே? பாதி சரி. பெரும்பாலான பாட்டுகள் தனிக் குரலில் வாழ்ந்தவையே. ஆனால் ஆங்கிலேயக் கிராமத்துக்குப் பல குரல் பாட்டு தெரியாது என்பது உண்மையில்லை. சசெக்ஸ் கரையில் ராட்டிங்டீன் ஊரின் காப்பர் குடும்பத்தார் பரம்பரை பரம்பரையாக இரண்டு குரலில்தான் பாடினார்கள். நாட்டார் பாடல் கழகம் 1898இல் தொடங்கியபோது அதன் செயலாளர் கேட் லீ முதலில் குறித்துக்கொண்டு வந்தவற்றில் அவர்களுடைய பாட்டுகள் உண்டு. ஷெஃபீல்டுப் பக்கத்து மதுக்கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் இன்றும் பல குரலில் ஓங்கி ஒலிக்கின்றன. குரலுக்குக் குரல் துணை நிற்பது அந்த மண்ணுக்கு அந்நியம் இல்லை.

இதே மறுப்பைக் கூர்மையாகச் சொல்லக்கூடியவர் பெர்சி கிரெய்ஞ்சர். ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்த இசையமைப்பாளர் 1906இல் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு லிங்கன்ஷியருக்குப் போனவர். மெழுகு உருளையை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டபோது, ஜோசஃப் டெய்லர் போன்ற தேர்ந்த பாடகர் ஒவ்வோர் அடியிலும் மெட்டை நுணுக்கமாக மாற்றுகிறார் என்பது தெரிந்தது. ஒரே பாட்டுக்குள் பத்து மெட்டு. காகிதத்தில் ஒன்றை மட்டும் எழுதி அதை அறுபது பேர் ஒரே மாதிரி பாடினால் பாடகரின் கலையே அங்கே இல்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இழப்பு இழப்புதான். ஆனால் கிரெய்ஞ்சரே டெய்லரின் ‘பிரிக் ஃபேர்’ பாட்டை எடுத்து என்ன செய்தார்? தனிக் குரலுக்கும் சேர்ந்திசைக்கும் அமைத்தார்! டெய்லரின் கலை மெழுகிலும், 1908இல் வந்த இசைத்தட்டிலும் காப்பாற்றப்பட்டுவிட்டது. பாட்டு பரவ வேண்டுமானால் கூட்டத்தின் வாய்க்கு வர வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது மறுப்பு சொல்லைப் பற்றியது, இது வான் வில்லியம்ஸைப் பலமாகவே தாக்குகிறது. அவருக்கு மெட்டுத்தான் உயிர். பல பாட்டுகளுக்கு ஓரிரு அடிகளுக்கு மேல் எழுதிக்கொள்ளவே இல்லை. விடுபட்டதைப் பழைய அச்சுத் தாள்களிலிருந்து நிரப்பினார்; சபைக்கு ஆகாததை மழுப்பினார். சொல் மட்டும் கையில் இருந்தால் போதும், மெட்டைக் கடவுள் அனுப்பிவைப்பார் என்று கிராமத்துப் பாடகர் ஒருவர் தம்மிடம் சொன்னதை அவரே பின்னாளில் எடுத்துக் கூறினார். சொன்னவருக்குச் சொல் முதல். கேட்டவர் அதை ரசித்தார். ஆனால் தம் நோட்டில் தலைகீழாகத்தான் நடந்துகொண்டார். 1985இல் டேவ் ஹார்க்கர் எழுதிய ‘ஃபேக்சாங்’ என்ற நூல் இங்கிருந்துதான் குற்றப்பத்திரிகை வாசிக்கிறது: உழைப்பாளிகளிடமிருந்து எடுத்து, வெட்டி, வெளுத்து, நடுத்தர வர்க்கத்துக்கு விற்றார்கள், ‘நாட்டார் பாடல்’ என்பதே சேகரித்தவர்களின் கற்பனை. எடுத்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் இடையில் இருந்த வர்க்கப் பள்ளத்தை நான் மறுக்கவில்லை. பாதிரியார் வீட்டுக் கூடத்தில் பொட்டிஃபருக்கு வாய் வராமல் போனதே அதற்குப் போதுமான சாட்சி.

ஆனால் ஹார்க்கரின் வழக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அச்சு தொட்டதால் பாட்டு கெட்டது என்றால், அது கெட்டு நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. லண்டனின் செவன் டயல்ஸ் பகுதியில் ஜேம்ஸ் கேட்னாக் போன்ற அச்சகக்காரர்கள் ஒற்றைத் தாளில் பாட்டடித்துக் காசுக்கு விற்றார்கள். கூடைக்காரர்கள் சந்தை சந்தையாகக் கொண்டுபோனார்கள். வாங்கியவர் தெரிந்த மெட்டில் பாடி, மறந்ததை விட்டு, பிடித்ததைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கிராமத்தில் ‘கலப்படமில்லாமல்’ கிடைத்த பாட்டுகளில் மிகப் பெரும்பகுதி ஏதோ ஒரு நாள் இப்படித் தாளில் இருந்தவையே. தாளிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து தாளுக்குமாகப் போய்வந்ததுதான் அவற்றின் வாழ்க்கை. வான் வில்லியம்ஸின் சேர்ந்திசைத் தாள் அந்தப் பாதையில் இன்னொரு தாள். கேட்னாக்கின் தாளைவிடச் சுத்தமாக அச்சடித்தது, அவ்வளவே. கள்ளத் தாள் என்று இதைத் தள்ளினால் கேட்னாக்கையும் தள்ள வேண்டும். அப்புறம் ஹார்க்கர் காப்பாற்ற நினைக்கும் உழைப்பாளிகளின் பாட்டிலும் பாதி போய்விடும்.

தேசியம் பற்றிய புகாரைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 1932இல் அமெரிக்காவில் அவர் ஆற்றிய ‘நேஷனல் மியூசிக்’ உரைகளில் நாட்டார் மெட்டிலிருந்து தேசத்தின் ஆன்மாவுக்குத் தாவும் இடங்கள் எனக்கும் நெருடுகின்றன. துறைமுகத்து மீனவர் பாட்டில் எத்தனை நாட்டுக் கரைகளின் உப்பு இருக்கிறதோ! உரையில் ஏறிய தேசியம் குரலமைப்பில் ஏறவில்லை என்பது நல்லதாகப் போயிற்று.

1950 ஜூன் 15ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடந்ததை வைத்து என் வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். கிராமத்துப் பெண்களின் அமைப்பான விமன்ஸ் இன்ஸ்டிடியூட்களின் தேசியக் கூட்டமைப்பு அவரிடம் தங்கள் குழுக்கள் பாட ஒரு படைப்புக் கேட்டிருந்தது. எழுபத்தேழு வயதில் அவர் கொடுத்தது ‘ஃபோக் சாங்ஸ் ஆஃப் தி ஃபோர் சீசன்ஸ்’. பெண் குரல்களுக்கும் வாத்தியக் குழுவுக்குமானது. உழவுச் சிறுவனுக்கு ஒரு பாட்டோடு தொடங்கி, வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று பருவ வரிசையில் நாட்டார் பாடல்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே தேர்ச்சி இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? பெருங்கூட்டம் பாடுவதற்கு எளிய பகுதிகள், நடுத்தரக் குழுவுக்குச் சற்றுக் கடினமானவை, தேர்ந்த சிறு குழுவுக்கு வாத்தியமே இல்லாதவை என்று பிரித்து எழுதினார். அவரவர் ஊர் மன்றத்தில் மாதக்கணக்கில் பழகிய பெண்கள் பேருந்திலும் ரயிலிலும் லண்டன் வந்து சேர, ஏட்ரியன் போல்ட் நடத்தினார். இலையுதிர் காலப் பகுதியில், புதைத்த பின்னும் உறங்கவிடாமல் கல்லறை மேல் உட்கார்ந்து அழும் காதலின் பாட்டு இருக்கிறது. வெட்டி, அரைத்து, ஊறவைத்துக் கொல்லப்பட்டுப் பீராக உயிர்த்தெழும் வாற்கோதுமையின் பாட்டும் இருக்கிறது. மென்மையாக்கப்பட்ட கிராமம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசி ஆண்டுகளில் அவர் கைபோட்ட இன்னொரு வேலை, சொல்லுக்குப் பட்ட கடனை ஓரளவு தீர்த்தது. ஏ. எல். லாய்டு என்ற இடதுசாரி ஆய்வாளரோடு சேர்ந்து நாட்டார் பாடல் கழகத்தின் இதழ்களிலிருந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, மெட்டும் முழுச் சொல்லுமாகத் தொகுத்தார். லாய்டும் சொல்லில் கைவைக்காதவர் அல்ல. அந்தக் கதை பின்னொரு பகுதியில் வரும். 1958 ஆகஸ்ட் 26ஆம் தேதி வான் வில்லியம்ஸ் இறந்தார். அடுத்த ஆண்டு ‘தி பெங்குயின் புக் ஆஃப் இங்கிலிஷ் ஃபோக் சாங்ஸ்’ மலிவு விலையில், சட்டைப்பையில் அடங்கும் அளவில் வந்தது. 1960களில் மதுக்கடை மாடிகளில் கூடிய இளம் பாடகர்களின் கைகளுக்குப் போனது. நார்ஃபோக்கில் 1908இல் அவர் குறித்துக்கொண்ட ‘லவ்லி ஜோன்’ அதில் உண்டு. அதே மெட்டை உலகம் ‘ஃபேன்டேசியா ஆன் கிரீன்ஸ்லீவ்ஸ்’ என்ற வாத்திய இசையின் நடுப்பகுதியாக வானொலியில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அது என்ன பாட்டு என்று தெரியாமல். குதிரையில் வந்த இளைஞன், பெண்ணின் கற்புக்கு விலையாகத் தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டுகிறான். ஜோன் மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டு, அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவனுடைய குதிரையிலேயே ஏறித் தன் காதலன் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறாள்.

(தொடரும்)